பீட்ரூட் வாங்காத வீடு

ஜூன் 3, திங்கள்

நோயாளி: பரிமளா, வயது 45, ஒட்டன்சத்திரம்.
நோய்: பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி.
குறிப்பு எழுதுபவர்: தண்டபாணி, வயது 53. உறவு: கணவர்.

காலை ரத்த அழுத்தம் 150/90. எடை 58 கிலோ 400. குடித்த தண்ணீர் ஒன்றேகால் லிட்டர். சிறுநீர் 950 மில்லி. கால் வீக்கம் உண்டு.

தினமும் இவ்வளவு எழுதினால் போதும் என்று மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னார். ஐந்து வரிக்கு ஒரு பக்கம் வீணாவது எனக்குப் பொறுக்காது. எடைமேடையில் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாக லாரி நம்பரையும் எடையையும் மட்டுமே எழுதி வருகிறேன். மிச்சப் பக்கத்தில் மனசில் படுவதை எழுதலாம் என்று இருக்கிறேன். பரிமளா ரத்த அழுத்த மிஷினைத் தொடுவாளே தவிர நோட்டைத் தொடமாட்டாள். எழுதுவது என் வேலை என்று விட்டுவிட்டாள்.

இந்த நோய் அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அவள் அம்மா சரஸ்வதி என் கூடப்பிறந்த அக்கா. அக்கா ஐம்பத்தோரு வயதில் வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் எங்கள் அம்மாவும் அப்படித்தான் போனாள். எங்கள் வீட்டில் இது பெண்களைத்தான் பிடிக்கும், ஆண்களை அண்டாது. அக்கா அதைச் சொல்லித்தான் மகளை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். என் தம்பி கல்லு மாதிரி இருக்கான், காலம் பூரா பாத்துக்குவான் என்றாள்.

என் ஒரு சிறுநீரகத்தைப் பரிமளாவுக்குக் கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. ரத்த வகை இரண்டு பேருக்கும் ஒன்று. 20ஆம் தேதி எனக்கு ஸ்கேன்.

ஜூன் 4, செவ்வாய்

148/90. 58.300. மற்றதெல்லாம் நேற்றுப்போல. புழுக்கம்.

ஜூன் 8, சனி

மதுரைக்குப் போய் வந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இது ஒன்பதாவது. உள்ளே உலோகம் ஆகாது. எனவே முதல் நாளே தாலிக்கொடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டிக்கொள்வாள். கொடியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பையைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். அந்த முக்கால் மணி நேரமும் நான் பையின் மேல் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எழுந்து போய் டீ குடித்ததில்லை.

டாக்டர் மெஹருன்னிசா படத்தைக் காட்டினார். ரொட்டித் துண்டு போட்டதுபோல் வயிற்றைத் துண்டு துண்டாகக் காட்டும் படம். ஒவ்வொரு துண்டிலும் சிறுநீரகத்தின் ஓரத்தை வரைந்து, எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தக் கொள்ளளவு வரும். கட்டிகள் வெள்ளை வெள்ளையாக, வெந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கின்றன. நல்ல ஆளுக்கு இரண்டும் சேர்ந்து முந்நூறு மில்லி இருக்குமாம். இவளுக்குப் போன வருஷம் 2,610. இப்போது 2,940. மூன்று லிட்டர் தண்ணீர்க் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்கிறாள் என்று அர்த்தம். அவள் ஒருநாளும் கனக்கிறது என்று சொன்னதில்லை.

ஆறேழு மாதத்தில் டயாலிசிஸ் வரைக்கும் போய்விடும், அதற்கு முன்னாலேயே மாற்று சிறுநீரகம் வைத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர். கொடுக்கிறவர் யார் என்ற படிவத்தில் என் பெயர் இருக்கிறது. உறவு என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினேன். அந்தக் கட்டம் ஒரு வார்த்தைக்குத்தான் பத்தும்.

ஜூன் 14, வெள்ளி

152/92. 58.600.

மார்க்கெட் வியாபாரிகளுக்கு என்மேல் ரொம்பப் பிரியம். தைப்பூசத்தன்று பழனியில் சொந்தக்காரர்கள் இருபது பேர் முன்னால், நான் இருக்கும்போது என் அக்கா மகள் ஏன் சாகணும், என் கிட்னி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். அது ஊர் பூராவும் பரவிவிட்டது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எடை போட வருகிற வண்டியிலிருந்து ஆளுக்கு ஒரு கை காய் எடுத்து மேசையில் வைக்கிறார்கள்.

எல்லாம் சமையலறைக் கதவில் நர்ஸ் எழுதிக் கொடுத்து ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள காய்கள். தக்காளி, முருங்கைக்கீரை, உருளை, பீட்ரூட், வாழைக்காய், இளநீர். எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம், எதுவும் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது. மூன்று வருஷமாக ஏறவும் இல்லை. சுரைக்காயையும் பீர்க்கங்காயையும் நறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து வடித்து, சத்தெல்லாம் போன பிறகு நானே தாளிக்கிறேன். அவளுக்கு ஒரு சமையல் எனக்கு ஒரு சமையல் என்று வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. காய்கறி ஊரில் உட்கார்ந்துகொண்டு காய் சாப்பிடாத ஆள் நான்.

ஜூன் 19, புதன்

நாளைக்கு ஸ்கேனுக்குப் போக முடியாது. மாற்று ஆள் லீவு. வெங்காய வண்டி வரிசையில் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பரிமளா சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள்.

ஜூன் 27, வியாழன்

150/90. 58.500. அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

காலையில் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. நேற்றுச் சாப்பிட்ட பீட்ரூட் பொரியல்தான். பீட்ரூட் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. இது அவளுடைய நோட்டு.

ஜூலை 2, செவ்வாய்

மிஷின் சரியில்லை. பரிமளாவுக்குப் போடும் முன் சரிபார்க்கலாம் என்று என் கையில் சுற்றினேன். 172/110 காட்டியது. பேட்டரியை மாற்றினேன். 170/108. அவள் கையில் சுற்றினால் ஒழுங்காக 148/90 காட்டுகிறது. ஆள் பார்த்து வேலை செய்கிற மிஷின் இப்போதுதான் பார்க்கிறேன். அவளுடைய மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன், சும்மாதான்.

ஜூலை 6, சனி

நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து கோகிலா வந்தாள். எங்களுக்கு ஒரே மகள், இருபத்திரண்டு வயது, அங்கே ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கும் இருக்குமோ என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கேன் எடுத்தோம். கட்டி ஒன்றும் தெரியவில்லை, முப்பது வயதில் மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு நாள்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மாவும் மகளும் பழனிக்குப் போய்விட்டு வருகிறோம் என்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம்தான் வந்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டால், கூட்டம் என்றார்கள். பஞ்சாமிர்தம் இல்லை, சரி, வாழைப்பழம் ஆகாது. திருநீறுகூட வாங்கி வரவில்லை. சாமியை நேரில் பார்த்துவிட்டதால் மறந்துவிட்டார்களோ என்னவோ.

ஜூலை 16, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக்கு ஆடி பிறக்கிறது, ஆடி போகட்டும் என்று சொன்னேன். ஸ்கேனுக்கு ஆடி என்ன ஆவணி என்ன என்று அந்தப் பெண் கேட்டது. நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கிற குடும்பம் நாங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். பெற்ற தாய் செத்த மறுநாளே எடைமேடைக்கு வந்து உட்கார்ந்தவன் நான், எனக்கு எப்போதிருந்து ஆடி ஆவணி.

ஜூலை 28, ஞாயிறு

154/94. 59.200. காலில் அழுத்தினால் குழி விழுகிறது.

கோகிலா போனில், அப்பா எப்பத்தான் ஸ்கேனுக்குப் போறீங்க என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில், கிட்னி என்னுடையது, எப்போது அறுக்கக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும் என்று கத்திவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். பரிமளா காதில் விழுந்திருக்கும். சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்திச் சத்தம் நிற்கவில்லை.

இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் வலி. நாற்காலி சரியில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மதுரை. ரத்தத்தில் தேங்கும் கழிவு, கிரியேட்டினின், 6.1. போன தடவை 5.2. டாக்டர் இந்தத் தடவை படம் எதுவும் காட்டவில்லை. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாயை இணைக்கும் சின்ன ஆபரேஷனை இந்த மாதமே செய்துவிடலாம், அது தயாராக ஆறு வாரமாவது ஆகும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீங்கள் கொடுப்பதாக இருந்தால் இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும், பயமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், தப்பில்லை என்றார். பயமெல்லாம் இல்லை டாக்டர் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது பரிமளா வாந்தி எடுத்தாள். கேரி பேக்கை நான்தான் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, உங்க சட்டையில பட்டிருச்சா மாமா என்று கேட்டாள். ஒரு ஆள் இவ்வளவு நல்லவளாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மார்க்கெட் லீவு. வண்டி இல்லை. எடைமேடையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டைக் கையோடு எடுத்து வந்தேன்.

இந்த மேசை இழுப்பறையில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் லாரி சங்கத்தார் இங்கேயே பந்தல் போட்டு மருத்துவ முகாம் நடத்தினார்கள். சர்க்கரை, அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெட்டி மாதிரி ஸ்கேன் மிஷினும் வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நானும் படுத்தேன். அந்தப் பெண் டாக்டர் இடது பக்கம் வைத்து அழுத்தினார், வலது பக்கம் வைத்து அழுத்தினார், மறுபடி இடது பக்கம் வந்தார். அண்ணா, அவசியம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க என்று சொல்லி ஒரு சீட்டை நான்காக மடித்துக் கொடுத்தார்.

நான் அந்தச் சீட்டைப் பிரிக்கவில்லை. பிரித்துப் படிக்காததால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்திருந்தேன். பழனியில் இருபது பேர் முன்னால் வாய் கிழியப் பேசியபோதும் அது இந்த இழுப்பறையில்தான் இருந்தது. வேறு யாரையும் தேட வேண்டாம், நான் இருக்கிறேன் என்று சொல்லி, அவளுக்கு இருந்த மற்ற வழிகளையெல்லாம் நானே அடைத்தேன். ஏழு மாதம்.

என் பெரிய அண்ணன் முப்பத்தொன்பது வயதில், நின்ற இடத்தில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தான். வெயிலில் குடித்ததால் என்று சொன்னோம். அவன் வயிற்றை யாரும் படம் எடுத்துப் பார்த்ததில்லை. ஆண்களை அண்டாது என்று சொன்னவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆணைக்கூடப் பார்த்ததில்லை.

இப்போது பிரித்தேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. ஒன்பது வருஷமாகப் பரிமளாவின் ரிப்போர்ட்டில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அதே வரிகள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

போனேன். தனியாகத்தான் போனேன். எடைமேடை வேலையாகத் திண்டுக்கல் போவதாகச் சொன்னேன்.

ஸ்கேன் அறையில் வயிற்றில் ஜெல்லைத் தடவிவிட்டு அந்த டாக்டர் பையன், எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று பேசிக்கொண்டே இருந்தான். கருவியை விலாவுக்குக் கீழே வைத்தான். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான். அப்புறம் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பினான். அதற்குள் பார்த்துவிட்டேன். இந்த ஸ்கேனில் கட்டிகள் கறுப்பாக இருக்கும், சின்னதும் பெரியதுமாக. எண்ண ஆரம்பித்தேன், பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை. மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க என்று அவன் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டேன்.

டாக்டர் மெஹருன்னிசா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"அம்மாவுக்கு இருந்துச்சுங்க. அக்காவுக்கும்."

"அக்காவுக்கா? ஏன் சொல்லவே இல்ல?"

"அந்த அக்கா மகதாங்க பரிமளா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பரிமளாவின் கோப்பை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். உறவு: கணவர். ஊரில் பாதிப் பெண்கள் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், இவள் நிஜமாகவே அக்கா மகள் என்று அவருக்கு எப்படித் தெரியும். நாங்களும் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். என் அண்ணன் செத்த விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துக் கொள்ளளவு பார்க்க வேண்டும், இந்த நோய் தலை ரத்தக்குழாயையும் பிடிக்குமாம், அதனால் தலைக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதால் கோகிலா முப்பது வயது வரை காத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் மெதுவாகத்தான் சொன்னார். நான் கேட்டது ஒன்றுதான், பரிமளாவுக்கு இனி யார் என்று. வீட்டில் போய்ப் பேசுங்கள் என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் மிஷினை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை நீட்டினாள். நான் சுற்றவில்லை. எனக்கும் இருக்கு பரிமளா என்றேன். ராத்திரி பூரா யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை.

அவள் கையை மடக்கிக்கொள்ளவில்லை. நீட்டியபடியே சொன்னாள்.

"நம்ம வீட்டுக்குப் பீட்ரூட் வந்து மூணு வருஷமாச்சு மாமா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நோட்டில் ஜூன் 27ஆம் தேதியைப் பார்த்தேன். தினமும் படிக்கிறாளாம். நான் எடைமேடைக்குப் போன பிறகு, முதல் நாளிலிருந்தே. கடையில் சாப்பிட்டிருப்பீர்களோ என்று ஒரு நாள் நினைத்தாளாம். மறுநாள் என் லுங்கியைத் துவைத்தபோது ரத்தக் கறையைப் பார்த்துத் தெரிந்துவிட்டதாம். மாத்திரை அட்டையில் ஒவ்வொன்றாகக் குறைவதையும் எண்ணியிருக்கிறாள். ஜூலை 6ஆம் தேதி அவர்கள் பழனிக்குப் போகவில்லை. கோகிலாவோடு மதுரைக்குப் போய், மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகம் கேட்டுக் காத்திருக்கும் பட்டியலில் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன்.

"நீங்களே சொல்லணும்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் நோட்டப் பிரிக்கிறப்ப இன்னிக்கு எழுதியிருப்பீங்கன்னு பாப்பேன். நாற்காலி சரியில்லைனு எழுதுனீங்க. அன்னிக்குத்தான் மாமா எனக்கு அழுகை வந்துச்சு."

என்மேல் கோபமா என்று கேட்டேன். இருக்கு என்றாள். தைப்பூசத்தின்போதே பதிந்திருந்தால் வரிசையில் ஐந்து மாதம் முன்னால் இருந்திருப்பேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம். அவள் மிஷினை என் கையிலிருந்து வாங்கி, என் கையில் சுற்றினாள்.

செப்டம்பர் 5, வியாழன்

பரிமளா: 156/94. 58.900. கை ஆபரேஷன் தையல் காய்கிறது.
தண்டபாணி: 146/92. தனி மாத்திரை.

டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இன்று நானே பெஞ்சில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

இன்னிக்கு எழுதறது பரிமளா.

எனக்கு 150/92. எடை 58.700. கோகிலாவுக்கு அடுத்த புதன்கிழமை ஸ்கேன், லீவு சொல்லிட்டா.

மாமா உள்ள இருக்காங்க. முக்கால் மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க, தலைக்கும் சேர்த்துன்னா இன்னும் கூட ஆகும். சத்தம் பெருசா இருக்கும், பயப்பட வேண்டாம், கண்ணை மூடிக்கங்கன்னு சொல்லி அனுப்பினேன். ஒன்பது வருசமா வெளியே இருந்தவங்களுக்கு உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது.

இடுப்புல இருந்த வெள்ளி அருணாக்கொடியக் கழட்ட மனசே வரலை அவங்களுக்கு. ஆம்பளை உயிரோட இருக்கிறப்ப இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. எனக்கு மஞ்சக் கயிறு இருக்கிற மாதிரி உங்களுக்கு இதுன்னு கறுப்புக் கயிறு ஒண்ணு கட்டிவிட்டேன். அப்புறம்தான் கழட்டிக் குடுத்தாங்க.

என் சேலையில பை இல்லை. அதனால கையிலயே வச்சிருக்கேன். நர்ஸ் வந்து டீ குடிச்சுட்டு வாங்கக்கான்னு சொன்னாங்க. நான் போகலை.